ஹேமநாதன் கொண்டுவந்த நடை

ஹேமநாதன் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். மற்றதைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பொறாமையில் பேசுகிறேன் என்பார்கள்.

எங்கள் நடிப்பு வகுப்பு தம்போய் வட்டாரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் நடக்கிறது. ஞாயிறு காலையில் குரல் பயிற்சி. கீழே காற்றடிக்கும் இயந்திரம் கத்த, மேலே நாங்கள் கத்துவோம். பிறகு தரையில் உருண்டு புரண்டு சட்டையெல்லாம் தூசியாகும். மதியத்துக்கு மேல் கவனிப்புப் பயிற்சி. நேரில் பார்த்த யாராவது ஒருவரை அப்படியே நடந்து, பேசிக் காட்ட வேண்டும்.

அன்று இன்னொன்றும் இருந்தது. வருடாந்தர நாடகத்தில் முதன்மை வேடம் யாருக்கு என்று எங்கள் வாத்தியார் லோகேஸ்வரன் சார் சொல்வதாக இருந்த நாள் அது. அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை.

முதலில் ஹேமநாதன் எழுந்தான். இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டான். இடது காலை இழுத்து இழுத்து, கையில் இல்லாத தட்டை ஏந்திக்கொண்டு வந்தான்.

"சாப்டியா தம்பி? இன்னொன்னு வைக்கவா? வெக்கப்படாத லா."

கடைசியில் முட்டி மடங்க, நாற்காலி தவறித் தொப்பென்று தரையில் விழுந்தான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாருமதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இரண்டாவது எட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் அம்மா. தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்று நின்று முட்டி தேய்ந்துபோன என் அம்மா. தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டேன், வந்தவன் இவன் ஒருவன்தான். பொந்தியானிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளை, வீட்டுச் சாப்பாட்டுக்கு எங்கே போவான் என்று அம்மா அந்தக் காலோடு அடுப்படிக்கும் மேசைக்கும் நடந்து நடந்து பரிமாறினார். இவன் வாயால் தின்றுகொண்டே கண்ணால் காலை அளந்திருக்கிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சார் கைதட்டினார். நாடகத்தில் வருகிற அம்மா இப்படித்தான் இருக்க வேண்டும், ஜனங்கள் சிரித்தே செத்துப்போவார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிரவீனா, அந்த அம்மா வேஷம் உனக்குத்தான். மெயின் ரோல். ஹேமன்கிட்ட அந்த நடையைக் கத்துக்க."

என் அம்மாவின் நடையை நான் இவனிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் சுவரைத் தேடும் கையோடு நடந்தேன். வலி வரும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பும்போது சிரித்தேன். விழவில்லை. அம்மா ஒரு நாளும் விழுந்ததில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சாருக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப கனமாக இருக்கிறது, ஹேமன் மாதிரி கடைசியில் விழு என்றார்.

"சார், அது எங்கம்மா."

ஹேமநாதன் துண்டை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தான். சார் அசரவில்லை. நடிக்க வந்தால் அம்மா, அப்பா என்றெல்லாம் பார்க்கக் கூடாது, சொந்த அம்மா என்றால் இன்னும் வசதிதானே என்றார். அப்படியானால் அடுத்த வாரம் உங்கள் அம்மாவை விழவைத்துக் காட்டுங்கள், நானும் சிரிக்கிறேன் என்றேன். அவர் முகம் கறுத்தது. நான் மாட்டேன் என்றால் சாருமதி செய்வாள் என்றார்.

"செய்யட்டும் சார். நான் செய்யமாட்டேன்."

வேடம் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வகுப்பு முடிந்து மற்றவர்களும் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக நான் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவேன். அன்று முடிவு தெரியும் நாள் என்பதால் அம்மா காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு டப்பாவோடு இறங்கினார். கார் கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, இடது காலை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். என்னைத் தவிர அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுதான்.

"சாப்டியா தம்பி?"

ஹேமநாதன் ஒரு படி பின்வாங்கினான். அம்மா டப்பாவைத் திறந்து ஒரு வடையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இன்னொன்னு வைக்கவா? வெக்கப்படாத லா."

சாருமதி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா திரும்பி, வந்த மாதிரியே காருக்கு நடந்தார். நான் அவர்கள் எல்லாரையும் ஏறிட்டுப் பார்த்தேன்.

"ஏன், இப்ப சிரிங்களேன்," என்றேன்.