டிரைவர் பிரச்சினைதான்

சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுடைய கணவருக்கு டாக்டர் என்று பெயர். மருத்துவம் ஒன்றும் படிக்கவில்லை. ஃபிரிட்ஜ் விற்கும் கடையில் மேனேஜர். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் இருமினாலும் தும்மினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் போய் எதையாவது அழித்து, எதையாவது ஏற்றி, காபி குடித்துவிட்டு வருவார். சரியானால் அது அவர் கைராசி. சரியாகாவிட்டால் கம்ப்யூட்டர் பழசு என்பார்.

அந்த டாக்டர் அன்று லீவு போட்டு வீட்டில் இருந்தார். அவள் ஆபீசுக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் ஏற்றிவிட்டார். என் வேலை முடிகிற வரைக்கும் அதைத் தொடாதீர்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கேட்கிற ஆளா?

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பதிப்பகத்தில் பகலெல்லாம் மற்றவர்கள் வரைந்த படங்களுக்கு வண்ணம் நிரப்புகிறவள் அவள். வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், வருஷக்கணக்காக உட்கார்ந்து, கம்ப்யூட்டரிலேயே தனக்கென்று ஒரு புத்தகம் வரைந்திருந்தாள். மண்ணுக்கு அடியில் என்னவெல்லாம் நடக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டும் புத்தகம். மண்புழு, எறும்பு, வேர், வேரைக் கடிக்கும் புழு என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே கூட்டம். அட்டையில் அவள் பெயர் வரப்போகிற முதல் புத்தகம் அது. அதை வெளியிடப்போகும் பதிப்பாசிரியர் அம்மாவிடம் இருந்தவை பார்வைக்கு அனுப்பிய சின்னப் படங்கள். அச்சில் போட்டால் மங்கிப்போகும். மூலப் படங்கள் அன்று சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும். ஏற்கெனவே தவணை கேட்டு, கெஞ்சி, வாங்கியாயிற்று. இனிமேல் இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

மூலப் படங்கள் எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. கம்ப்யூட்டர் மெதுவாகிறது, எல்லாவற்றையும் அதற்கு மாற்று என்று சொன்னதும் டாக்டர்தான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் மதியம் வீட்டுக்கு வந்தாள். ஹார்ட் டிஸ்கைச் செருகினாள். விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"என்னங்க, ஹார்ட் டிஸ்க் தெரியலையே."

"டிரைவர் பிரச்சினை," என்றார் அவர், சோபாவிலிருந்து எழாமலே. "புது சிஸ்டத்துக்கு அதை அடையாளம் தெரியல. அவ்வளவுதான்."

"உள்ள படம் எல்லாம் பத்திரமா இருக்கும்ல?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். "முதல்ல டிரைவர் சரியாகட்டும்."

வழக்கமாகக் கம்ப்யூட்டர் என்றால் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறவர், இன்று முதுகு வலிக்கிறது என்றார். அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. தானே உட்கார்ந்தாள். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், ஹார்ட் டிஸ்கின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் முறைத்துக்கொண்டு நின்றது. டிரைவரை நீக்கினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். முக்கோணம் போகவில்லை. வேறு வயர் மாற்றிப் பார்த்தாள். டிஸ்க் தயாரித்த கம்பெனியின் தளத்துக்குப் போய், மாடல் எண்ணைத் தேடி, புது சிஸ்டத்துக்கென்று போட்டிருந்த டிரைவரை இறக்கினாள். அது பாதியில் நின்றது. மறுபடி இறக்கினாள். நடுவில் மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"அவன்கிட்ட குடும்மா. அவன் கை வச்சா தானா ஓடும்."

"அவருக்கு முதுகு வலியாம் அத்தை."

பதிப்பாசிரியர் அம்மா போனில் கேட்டபோது, "சாயங்காலம் கண்டிப்பா கொண்டு வந்துடறேன் மேடம்," என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அவள் வாக்குக் கொடுத்ததை டாக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டிவியில் சேனலை மாற்றினார்.

ஒருவழியாக டிரைவர் ஏறியது. மஞ்சள் முக்கோணம் மறைந்தது. ஹார்ட் டிஸ்க் திரையில் வந்து உட்கார்ந்தது, அதற்குக் கீழே இடம் காட்டும் பட்டை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் இருக்கிறது! சிரித்துக்கொண்டே திறந்தாள்.

உள்ளே சினிமாப் படங்கள். வரிசையாக, டாக்டர் சேர்த்து வைத்திருந்த சண்டைப் படங்கள். மண்புழு இல்லை, எறும்பு இல்லை. மேலும் கீழும் தேடினாள். அவள் பெயரிட்ட ஒரு ஃபோல்டர்கூட இல்லை.

"என் படமெல்லாம் எங்க?"

அவர் டிவியை அணைத்தார். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

"காலையில சிஸ்டம் ஏத்தினதும் அது கேட்டுச்சு, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு. பண்ணாத்தான் திறக்கும்னு போட்டிருந்துச்சு. சரின்னு குடுத்தேன்."

"ஃபார்மேட் பண்ணா எல்லாம் அழிஞ்சுடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மீட்கவே முடியாதபடி அதுமேலயே உங்க சினிமாவக் கொண்டுபோய்க் கொட்டினீங்க?"

"ஞாபகம் வர்றதுக்கு முன்னாடிம்மா அது. வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணேன். பிறகு ஒரு அப்டேட் வந்து டிஸ்க்கே காணாமப் போச்சு. டிரைவர் பிரச்சினைன்னு நான் சொன்னது பொய் இல்லையே?"

மதியத்திலிருந்து அவள் மல்லுக்கட்டியது இவருடைய சினிமாவைத் திறப்பதற்கு. அவர் அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். படங்கள் போனதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

போன் அடித்தது. பதிப்பாசிரியர் அம்மா. அவள் கை நீட்டுவதற்குள் டாக்டர் போனை எடுத்தார்.

"மேடம், சின்ன டிரைவர் பிரச்சினை. ஒரு காப்பி எடுத்து வைன்னு நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவ கேட்டாத்தானே. ஒண்ணும் கவலைப்படாதீங்க, மறுபடி வரைஞ்சுடுவா. வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல வரையறதுதானே."

அவள் போனைப் பிடுங்கினாள்.

"மேடம், படம் எதுவும் இல்ல. என் வீட்டுக்காரர் அழிச்சுட்டார். அழிச்சுட்டு, என்கிட்ட சொல்லாம இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்."

பிறகு அந்த அம்மா, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அச்சுக்கு நான் வேற புத்தகத்தை அனுப்பித்தான் ஆகணும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமியார் கதவருகில் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். புத்தகம் போனதற்கு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"என்ன இருந்தாலும் மூணாம் மனுஷிகிட்ட கட்டின புருஷனை இப்படியா காட்டிக்குடுக்கறது?"

டாக்டர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபமாம்.