ரேகை வளர்ப்பு

எட்டாவது தடவை விரலை வைத்தபோதும் அந்தப் பாழாய்ப்போன ரேகைப் பெட்டி சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

"வேற விரல் வைங்க," என்றாள் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை அலுவலகத்துப் பெண்.

பத்து விரலையும் வைத்தாயிற்று. கால் விரலை வைக்கட்டுமா என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ரேகையே இல்லையே சார். என்ன வேலை பார்த்தீங்க?"

சொன்னேன். கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போடும் வேலை, இருபத்தாறு வருஷம். காலையிலிருந்து சாயந்திரம் வரை தண்ணீரும் கல்சேறும்தான். எங்கள் ஷெட்டில் நாற்பது பேர் இருந்தோம், ஒருவனுக்கும் விரல் நுனியில் கோடு கிடையாது. வேலை இருந்த காலத்தில் அதைக் காட்டிப் பெருமைகூட அடித்திருக்கிறோம். பிறகு எல்லோரும் பெட்டியில் வந்து இறங்கும் பளபளப்பு டைல்ஸுக்கு மாறினார்கள், கல்லைச் சீந்த ஆளில்லை. முதலாளி ஷெட்டைப் பூட்டி ஒரு வருஷம் ஆகிறது. பிறகு கிடைத்த நாளில் கூலிக்குச் சிமெண்ட் கலந்ததில் கை மேலும் தேய்ந்ததுதான் மிச்சம்.

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதியலைன்னா உதவி அட்டைலேருந்து உங்க பேரை எடுத்துருவாங்க. திரும்ப மனு போட்டா ஒரு வருஷமாவது ஆகும்."

"நான் உயிரோட முன்னாடி நிக்கறேனேம்மா. பார்த்து எழுதிக்கக் கூடாதா?"

"அதுக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும் சார். ஒண்ணு பண்ணுங்க, ஆறு வாரம் கைக்கு வேலையே குடுக்காதீங்க. ரேகை தானா வளந்துரும்."

வேலை இல்லாதவனுக்கு உதவி. அந்த உதவி வேண்டுமென்றால் வேலையே செய்யாதே. இதை யோசித்துக் கண்டுபிடித்த புண்ணியவானை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

எங்கள் தெரு முனையில் வேன் டிரைவர் நின்றிருந்தான். என் பக்கத்து வீட்டுக்காரன். எனக்கு முன்னாலேயே வேலை போய் அந்த வரிசையில் நின்றவன். அப்போது டீக்கடையில் வைத்து, "என்னய்யா, அரசாங்கத்துக்கே மாப்பிள்ளை ஆயிட்டியாமே?" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்டவன் நான். இப்போது அவன் கும்பிடு போட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றான். நல்லவேளை, டீக்கடைக்காரரும் கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார், கேட்க ஆளில்லை. எங்கள் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக இப்படித்தான் மூடின. வேலைக்குப் போகிறவன் இல்லாத தெருவில் யார் டீ குடிப்பது, யார் முடி வெட்டிக்கொள்வது?

அன்றிலிருந்து என் மனைவி என் கையைத் தத்து எடுத்துக்கொண்டாள். பாத்திரம் தொடக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, என் சட்டையை நானே துவைக்கக் கூடாது. கல்யாணமான புதுசில்கூட இப்படித் தாங்கியதில்லை. அவள் குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வருவாள், நான் வாசற்படியில் களிம்பு தடவிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் சாயந்திரம் ஜன்னலோரம் நிறுத்தி ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள்.

"ஏங்க, ஆள்காட்டி விரல்ல லேசா கோடு விழுந்திருக்குங்க!"

பயிர் முளைத்த மாதிரி அவளுக்குச் சந்தோஷம். எனக்குக் கையை வெட்டி அவளிடமே கொடுத்துவிடலாம் போலிருந்தது.

ஐந்தாவது வாரம் எங்கள் பழைய ஷெட் மேஸ்திரி வந்தார். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் இல்லை, என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்து என்னைவிட வேகமாக மேலே போனவர். வந்து நின்றதும் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"புதுசா கட்டற ஆஸ்பத்திரில முப்பத்திரண்டு படி. பத்து நாள் வேலை. நல்லா வந்துச்சுன்னா மேல நாலு மாடியும் நமக்குத்தான். அப்படின்னா ஷெட்ட மறுபடி திறக்கறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. படிக்கு முனை தேய்க்க உன்னை விட்டா எனக்கு ஆள் கிடையாதுய்யா."

அவர் போனதும் வீட்டில் சண்டை.

"பத்து நாள் வேலை. அதுக்கப்புறம்?"

"அதான் நாலு மாடி இருக்கே."

"போன தடவையும் உங்க முதலாளி திறக்கறேன்னுதான் சொன்னாரு. அவர் பேச்ச நம்பிக் கடன் வாங்கிட்டு மளிகைக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாம திரிஞ்சது நீங்களா, நானா? அரசாங்கம் கொஞ்சமாக் குடுத்தாலும் மாசா மாசம் குடுக்கும்ங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் கத்தி ஜெயித்திருப்பேன்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ரப்பர் கையுறை. ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ரேகையும் போகாது, வேலையும் போகாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

படியின் மேல்பரப்பை மெஷின் பார்த்துக்கொள்ளும். முன்பக்கம் வளைகிற முனையைக் கையால்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது கண் ஏமாற்றும், எல்லா இடமும் பளபளவென்றுதான் தெரியும். எங்கே மேடு, எங்கே பள்ளம், எப்போது நிறுத்துவது என்று விரல் நுனிதான் சொல்லும். கையுறைக்குள் என் விரல் வாயை மூடிக்கொண்டது. பழக்கத்தை நம்பித் தேய்த்தேன். மத்தியானத்துக்குள் மூன்று படி முடித்தேன்.

மேஸ்திரி வந்து குனிந்து முதல் படியின் முனையில் விரலை ஓட்டினார். பாதியில் நின்றது விரல்.

"இது யாரு போட்டது?"

"நான்தாண்ணே."

"அலை அடிக்குதேய்யா." மற்ற இரண்டையும் தடவினார். "மூணும் போச்சு. என்ன கண்றாவி இது கையில? கழட்டு."

"கழட்ட மாட்டேண்ணே."

காரணத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையுறையைக் காட்டி, "கழட்டிட்டு இப்பவே உக்காந்தீன்னா மூணையும் சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிரலாம். இல்லைன்னா கிளம்பு. நான் யாரையாவது பாத்துக்கறேன்," என்றார்.

கையுறையைக் கழட்ட எத்தனை நேரம் ஆகும்? முதலாளி ஷெட்டைத் திறக்காவிட்டால், அட்டையும் போய்விட்டால், அவள் மறுபடி கடனுக்காக மளிகைக் கடைக்காரர் முன்னால் போய் நிற்பதை நினைத்தேன். பயந்துவிட்டேன். வேறு நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுந்து நடந்தேன். நான் கெடுத்த வேலையை நானே சரிசெய்யாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு என் மனைவியும் கூட வந்தாள். என் விரலை அவளே முந்தானையால் துடைத்து, அவளே பிடித்துப் பெட்டிமேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. முதல் தடவையிலேயே.

பின்னால் வேன் டிரைவர் கை தட்டினான். இந்தத் தடவை கிண்டல் இல்லை, நிஜமாகவே தட்டினான். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அலுவலகத்துப் பெண்கூடச் சிரித்தாள்.

"அருமையா வந்திருக்கு சார். ஆனா மாசா மாசம் வந்து வைக்கணும். மறுபடி கையக் கெடுத்துக்காதீங்க."

"நான் பாத்துக்கறேம்மா," என்றாள் என் மனைவி. "அவர எந்த வேலையும் தொட விடமாட்டேன்."

நானும் தலையாட்டினேன்.