தலைகீழாகக் கிடந்த கல்

ஆதிகாலத்து மனிதர்கள் செத்தவர்களைப் புதைத்துக் குவித்த கல்மேடுகள் அந்த மலைவெளி முழுக்கக் கிடந்தன. அதில் கிழக்கோர மேட்டை மட்டும் தோண்டவே கூடாது என்று அவள் கணவன் ஒற்றைக் காலில் நின்றான். அவன் ஆய்வுக் குழுவின் வரைபடக்காரன், அவள் தலைவி. வீட்டில் எப்படியோ, இங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

"அது சரிஞ்சு போன மேடு. நேரந்தான் வீண்," என்றான்.

"மச்சான், அக்காகிட்ட வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்காதீங்க," என்று சிரித்தான், சங்கிலி போட்டுக் கல் தூக்கும் அவள் தம்பி.

மேட்டில் கால் வைத்ததுமே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஓரத்துப் பலகைக்கல்லில் காலங்காலமாகப் பாசி படிந்த மேல்பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. எப்போதோ யாரோ புரட்டியிருக்கிறார்கள்.

"எந்தத் திருட்டுப் பயலோ கை வச்சிருக்கான்! மாட்டட்டும், தோலை உரிச்சிடறேன்!"

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு அதைக் கவனிக்க ஏது நேரம்?

தம்பி கல்லை நகர்த்தினான். உள்ளே பானை இல்லை, பாசிமணி இல்லை. சின்னதாக ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். தூரிகையால் மண்ணைத் தள்ளினாள். ஓரத்தில் கோணல்மாணலாகப் பச்சைத் தையல்.

அது அவள் கைத்தையல். சில வருஷங்களுக்கு முன்னால் வயிற்றுப் பிள்ளைக்காக இதே மலையில், கூடாரத்தில் உட்கார்ந்து தைத்த போர்வை. பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் மயக்கத்தில் கிடந்தாள். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொண்டது என்று சொன்ன மகராசன் இதோ, பக்கத்தில்தான் நிற்கிறான்.

"பிரிக்காதேம்மா," என்று கெஞ்சினான்.

"நீங்களா?"

"கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். சொன்னா நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன். இங்க இத்தனை பேர் படுத்திருக்காங்களே, பாப்பா தனியா இருக்காதுன்னு..."

எத்தனையோ எலும்புகளைக் கூசாமல் எடுத்த அவள் விரல்கள் அந்தத் துணியைத் தொடப் பயந்தன.

"என்ன குழந்தை?" அன்று அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. பிறகு துணிச்சல் வரவில்லை.

"பொண்ணு. தலை நிறைய முடி."

"வந்து பார்ப்பீங்களா?"

"ஒவ்வொரு வருஷமும். அளவெடுக்கிற சாக்குல."

இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அறைந்தாள்.

"வருஷா வருஷம் நான் அந்தக் கூடாரத்துலதானே இருந்தேன்! கூப்பிட்டா கேக்கற தூரத்துலதானே இருந்தேன்!"