மூன்றாம் பாகம் வருதா?

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போதே தம்பிக்குச் சோறு தண்ணி மறந்துவிட்டது. வீடியோ கேம் செய்கிற கம்பெனிகள் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை ஒரே அரங்கில் கூடி, அடுத்து என்னென்ன வரப்போகிறது என்று அறிவிக்கிற விழா அது. அன்றைக்குவரை அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் வேலை வெட்டி உள்ளவர்களும் இல்லாதவர்களும் இணையத்தில் உட்கார்ந்து யூகித்துக்கொண்டே இருப்பார்கள். இசையமைப்பாளர் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று படம் போட்டால் ஒரு யூகம், குரல் கொடுக்கும் நடிகைக்குத் தொண்டை கட்டியிருந்தால் இரண்டு யூகம். ஒரு தடவை ஒரு கம்பெனி தன் சின்னத்தைக் கொஞ்சம் நீலமாக்கியது. உடனே கடல், கப்பல், கொள்ளைக்காரர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். கடைசியில் விசாரித்தால், சின்னம் வரைகிற ஆள் மாறியிருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் தம்பிக்கு 'ஜோசியர்' என்று பெயர். நாலு வருடமாக அவன் அடித்துச் சொன்ன பெரிய கணிப்பு எதுவும் பொய்த்ததில்லை. அறுபதாயிரம் பேர் அவன் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கிடங்கு வேலையில் இருந்தபோது அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததும், இரண்டு வருடமாக வீட்டிலேயே கிடப்பதும், அரை மணிக்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரியாது. காலையில் எழுந்து பல் தேய்க்க அவனுக்கு அந்த அறுபதாயிரம் பேரை விட்டால் வேறு காரணம் கிடையாது. அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அக்கா வேலை பார்ப்பதும் கேம் கம்பெனியில்தான், சோதனைப் பிரிவில். இன்னும் வெளிவராத கேமுக்குள் ஓர் ஆளை நடக்கவிட்டு, கண்ணில் படுகிற சுவரில் எல்லாம் கொண்டுபோய் முட்ட வேண்டும். ஆள் சுவருக்குள் நுழைந்துவிட்டால் அது தப்பு, குறித்து அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே பிழைப்பு. "ஊர்ல எல்லாரும் சும்மாவே செவுத்துல முட்டிக்கிறாங்க, உனக்கு அதுக்குச் சம்பளம் வேற" என்று தம்பி கேலி செய்வான்.

மூன்று வருடமாக அவள் முட்டிக்கொண்டிருந்தது 'சாம்பல் துறைமுகம்' மூன்றாம் பாகத்தில். இரண்டாம் பாகம் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. மூன்றாவது தயாராகிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. வேலையில் சேர்ந்த அன்றே, வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் சொன்னதில்லை. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை குழுத் தலைவர் நாற்பத்தோரு பேரையும் கூட்ட அறைக்கு வரச்சொன்னார். பக்கத்தில் மனிதவள அதிகாரி அம்மாள் ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்றாம் பாகம் கைவிடப்பட்டது. மாதக் கடைசியோடு எல்லாருக்கும் வேலை முடிகிறது. கம்பெனி இந்த விழாவில் வேறொரு கேமைக் காட்டப்போகிறது, அதனால் வெள்ளிக்கிழமை விழா முடியும்வரை ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. எல்லாரும் இன்னொரு கையெழுத்துப் போட்டார்கள். குழுத் தலைவர் யார் முகத்தையும் பார்க்காமல், காலியான நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய ஆள் சுங்கக் கிடங்கின் வாசலில், அவள் விட்டுப்போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனை வடக்குச் சுவரில் கொண்டுபோய் முட்டினாள். உள்ளே போய்விட்டான். இனி அதைச் சரிசெய்ய ஆளில்லை என்று தெரிந்தும், பழக்கதோஷம், குறித்து அனுப்பினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அன்றைக்கு ஒரு நல்ல சேதி வந்திருந்தது. பெரிய இணையப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியை அவனைக் கூப்பிட்டிருந்தார். விழாவை ஒட்டி ஒரு கணிப்புக் கட்டுரை எழுதச் சொன்னார். பலித்தால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், படுத்துக்கொண்டுகூட எழுதலாம்.

"ஒரே ஒரு பெரிய கணிப்பு வேணுமாம்க்கா. எனக்கு ஒண்ணு மனசுல ஓடுது. சாம்பல் துறைமுகம் மூணாம் பாகம். உங்க ஆளுங்கதான பண்ணணும். வருதா?"

வருடா வருடம் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தப் பெயரை அன்றைக்கு அவன் வாயிலிருந்து கேட்டதும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, தொட்டியில் கிடந்த பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் எல்லார் போனிலும் ஒரே செய்தி ஓடியது. 'ஜோசியர் அடித்துச் சொல்கிறார்: சாம்பல் துறைமுகம் மூன்று, வெள்ளிக்கிழமை அறிவிப்பு. என் பெயரையே பணயம் வைக்கிறேன்.' பக்கத்து மேசைப் பெண் அதை அக்காவிடம் காட்டி, "எந்தப் புண்ணியவான்டி இது, வெந்த புண்ணுல வேலைப் பாச்சுறான்" என்றாள். அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "அதை எடுத்துடு. அப்படி எதுவும் இல்ல."

தம்பி சிரித்தான். "நேத்தே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இன்னைக்குப் பயந்துக்கிட்டு சொல்ற."

"நேத்து நான் என்னடா சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பொய்யான விஷயத்தைக் கேட்டா நீ கத்துவ, 'உனக்கு வேற வேலை இல்லையா'ன்னு. உண்மையா இருந்தா வாயை மூடிக்கிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவுவ. நாலு வருஷமா பாக்கிறேன். உங்க கம்பெனியைப் பத்தி நான் சொன்னது ஒண்ணாவது தப்பாச்சா? ஜோசியமாவது மண்ணாவது. எல்லாம் நீ கழுவின பாத்திரம்தான்."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அக்கா கைப்பையை அப்போதுதான் கீழே வைத்தாள். கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு வாயைப் பூட்டிவைத்திருந்ததாக நினைத்தவள், நாலு வருடமாக ஒவ்வொரு ரகசியத்தையும் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறாள். இந்தத் தடவை வந்தது இழவுச் செய்தி, அதையும் அதே தட்டில் நீட்டிவிட்டாள். இனி, 'இல்லை' என்று ஆயிரம் தரம் சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை. அவன் நம்ப வேண்டுமானால் நடந்தது முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். புதன்கிழமை மனிதவள அதிகாரி அவளைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தினார்.

"ஜோசியர்ங்கிறது உங்க தம்பிதானே?"

அக்கா தலையாட்டினாள்.

"நம்ம கம்பெனியைப் பத்தி அவர் சொல்றது எல்லாம் தப்பாம பலிக்குதேன்னு எங்களுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். விசாரிச்சதுல உங்க வீட்டு விலாசம்தான் வந்துச்சு. இந்தத் தடவை அவர் சொன்னது தப்புன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது அப்படியே இருந்தா, நீங்க எதுவும் சொல்லலன்னு நான் எடுத்துக்குவேன். நடுவுல அவர் அதை அழிச்சா, யார் சொல்லி அழிச்சாருன்னு எனக்குத் தெரியும். அப்புறம் இந்தத் தொழில்ல உங்களை யாரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க. உங்களுக்கு இப்பத்தான் வேற வேலை தேடற நேரம், பாத்துக்குங்க."

குரலை உயர்த்தாமல், தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவைத்துத்தான் அவர் இதைச் சொன்னார்.

புதன்கிழமை அக்கா தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. அவன் முதுகு வைத்தியத்துக்கும் இரண்டு பேர் சாப்பாட்டுக்கும் தனக்குக் கிடைக்கப்போகிற அடுத்த வேலை ஒன்றுதான் வழி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பொய்யல்ல. ஆனால் அதற்கும் அடியில் வெறும் பயம் இருந்தது, அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டான். கட்டுரையில் இனி ஜோசியர் என்ற பெயர் வேண்டாம், சொந்தப் பெயரும் படமும் போடுவோம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக முகத்தை மழுங்கச் சிரைத்து, சுவரில் சாயாமல் நேராக நின்று, "நிமிந்திருக்கேனா பாரு" என்றான். அக்கா அவன் போனை வாங்கி மூன்று படம் எடுத்தாள். மூன்றிலும் சிரித்தான்.

அன்று படுத்தவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, பத்து மணிக்குள் கட்டுரை அனுப்ப வேண்டும் என்று அவன் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவள் பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கூட்ட அறை, காகிதக் கட்டு, வேலை போனது, மனிதவள அதிகாரி சொன்னது, ஒன்று விடாமல் சொன்னாள்.

தம்பி திரும்பவில்லை. "எப்போ தெரியும்?" என்றான்.

"திங்கக்கிழமை."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமாண்டா."

"நேத்து போட்டோ எடுத்தியே."

"கட்டுரையை அனுப்பாதே. அந்தப் பதிவையும் அழிச்சிடு. எனக்கு வர்றது வரட்டும். எங்கயாவது, ஏதாவது ஒரு கடையில நின்னுக்கிறேன்" என்றாள். அந்த நிமிடம் அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

தம்பி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகு இழுக்கிறபோது அப்படித்தான் நிற்பான், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு. பிறகு உட்கார்ந்து, கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை படித்தான். ஓர் இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினான். படத்தைச் சேர்த்தான். பொத்தானை அழுத்தினான்.

"அனுப்பிட்டேன்" என்றான்.

"டேய்!"

"உங்க அதிகாரியம்மா பாத்துக்கிட்டுத்தானே இருக்கும்? பாக்கட்டும்."

விழா சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கியது. இரண்டு பேரும் ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அக்காவின் கம்பெனிக்காரர் மேடைக்கு வந்தார், கார் ஓட்டுகிற கேம் ஒன்றைக் காட்டினார், கையசைத்துவிட்டுப் போனார். அவர் உள்ளே போகும்வரை, ஒருவேளை, ஒருவேளை என்று அக்காவே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்தோரு பேரில் ஒருத்தியாக அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவளுக்கு அப்படி ஒரு பைத்தியக்கார ஆசை.

விழா முடிவதற்குள் தம்பியின் பக்கத்தில் மழையாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கடையைச் சாத்துங்க ஜோசியரே. பதினோரு வருஷம் காத்திருந்தவங்க வயித்தெரிச்சல் சும்மா விடாது. ஒருவர் அவன் படத்தை எடுத்து நெற்றியில் கோமாளி மூக்கை ஒட்டியிருந்தார். மூக்கு இருக்க வேண்டிய இடம்கூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை. தம்பி எல்லாவற்றையும் படித்தான், ஒன்றையும் விடவில்லை.

எட்டு மணிக்கு ஆசிரியை கூப்பிட்டார். அவன் முதுகை நிமிர்த்த முடியாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துத்தான் பேசினான், அதனால் அக்காவுக்கும் கேட்டது.

"உள்ள இருந்து யாராவது சொல்லித்தான் எழுதினீங்களா? அப்படின்னா சொல்லுங்க, எங்க மேலதிகாரிகிட்ட நான் பேசிப் பாக்கிறேன்."

"யாரும் சொல்லல மேடம். நானா யூகிச்சதுதான்."

"அப்ப கஷ்டம்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மேடம்."

கால்மணி நேரத்தில் கட்டுரையும் படமும் பத்திரிகையிலிருந்து காணாமல் போயின. அதே சமயம் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மனிதவள அதிகாரி அனுப்பியிருந்தார். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, நன்னடத்தைச் சான்றிதழைத் திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது தம்பி சோபாவில் இல்லை. சமையலறையில், இஸ்திரி போட்ட அதே சட்டையோடு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் வாசலில் போய் நின்றாள். என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் ஒன்றைத்தான் கேட்டாள்.

"என் மேல கோபமாடா?"

தம்பி குழாயைத் திறந்தான். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர் ஒன்றை எடுத்து, தண்ணீரில் பிடித்து, நிதானமாகக் கழுவ ஆரம்பித்தான்.

அவள் மறுபடி கேட்கவில்லை.