காணாமல் போன பேட்டி

இணையதளத்தைப் புதுப்பித்ததிலிருந்து பத்திரிகையின் பழைய முகவரிகளில் பாதி செத்துப்போயிருந்தன. எதைத் தட்டினாலும் ‘பக்கம் இல்லை’ என்று கையை விரித்தது. தளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வாசகர்களின் திட்டை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள். சித்தப்பாவின் நச்சரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

சித்தப்பா ஒரு காலத்தில் பேர்போன கோல்கீப்பர். தன்னைப் பற்றி அந்தப் பத்திரிகையில் வந்த பேட்டியின் லிங்க்கைப் போனில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். சிலிண்டர் போட வருகிறவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டாமல் விடமாட்டார். படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு; இப்போது அந்த லிங்க்கும் திறக்கவில்லை. வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்திருந்தார்கள். புற்றுநோய் என்பதை அவரிடம் மூச்சுவிடக் கூடாது, தெரிந்தால் மனுஷன் ஒடிந்துபோய்விடுவார் என்று சித்தி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சரி, அவருக்காகவாவது செய்வோம் என்று அன்று காலை உட்கார்ந்தாள். இல்லாத பக்கத்தை யாராவது கேட்டால், அந்த முகவரியில் இருக்கும் சொற்களைப் பிடுங்கித் தேடலுக்கு அனுப்பி, பொருந்துகிற பக்கத்தைத் தளம் தானே திறந்துவிட வேண்டும். அதற்கென்று புதிதாக எழுதச் சோம்பல். அலுவலகத்துக்குள் நிருபர்கள் பயன்படுத்தும் தேடல் நிரலையே கோத்துவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

“இப்ப அமுக்கிப் பாருங்க சித்தப்பா.”

“வந்துடுச்சும்மா. படத்தைக்கூடப் பெரிசா போட்டிருக்கீங்களே.” ஸ்பீக்கரைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். “புகழ்பெற்ற கோல்கீப்பர் காலமானார்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிருபர்களின் தேடல், வெளிவராத வரைவுகளையும் தோண்டி எடுக்கும். அது எப்படி மறந்து தொலைத்தது? பிரபலமானவர்கள் படுத்துவிட்டால் இரங்கல் கட்டுரையை முன்கூட்டியே எழுதிவைப்பது பத்திரிகை வழக்கம். செய்தி ஆசிரியர் கேட்டாரென்று சித்தப்பாவைப் பற்றி எல்லா விவரமும் கொடுத்தவள் அவளேதான்.

சித்தப்பாவோ சிரித்தார். “உயிரோட இருக்கும்போதே வழியனுப்பிட்டீங்களா? பரவாயில்ல, நல்லாத்தான் எழுதியிருக்கு.”

“அது தப்பா வந்துடுச்சு சித்தப்பா. மூடிடுங்க.”

“இரும்மா, என்னைப் பத்தி நான் படிக்கக் கூடாதா? ‘கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில், சில மாதங்களாக...’”

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

வரைவை அழிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். அழித்துத்தான் இனி என்ன? யாருக்குத் தெரியக் கூடாதோ அவரையே கூப்பிட்டு, அமுக்கிப் பாருங்கள் என்று வாயாரச் சொல்லியிருக்கிறாள்.

போனுக்குள் தூரத்தில் சித்தியின் குரல் கேட்டது. “யாருங்க போன்ல?”

“நம்ம பொண்ணுதான். பேட்டி கிடைச்சுடுச்சாம்,” என்றார் சித்தப்பா, எப்போதும் போல.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இதை உடனே எடுத்துடும்மா. உங்க சித்தி போன்லயும் இதே லிங்க் இருக்கு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”