மாப்பிள்ளை ரிப்பேர் செய்த கம்ப்யூட்டர்

மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால் அது உலகத்தின் தப்பு.

அவருடைய மாமியார் எம்பிராய்டரி வேலை செய்பவர். வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய தையல் இயந்திரமும், டிசைன் வரைவதற்கு ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே மாப்பிள்ளைதான்.

"இனிமே ஒண்ணும் ஆகாது அத்தை. இரும்பு மாதிரி."

இரும்புதானே என்று மாமியாரும் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டியே அதை அணைத்துவந்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்திருக்கிறார். அப்படி அணைக்கக்கூடாது என்று சொன்னால் லினக்ஸின் பெருமை குறைந்துவிடுமோ என்று வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் மட்டும் நின்றது. எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்கிற கணக்கு குழம்பிவிட்டது, நீங்களே சரிபார்க்கும் கட்டளையைக் கொடுங்கள் என்று அது பணிவாகவே கேட்டிருந்தது.

மாமியார் மகளுக்குப் போன் செய்தார். வந்தது மாப்பிள்ளை. கையில் பென் டிரைவ், முகத்தில் போருக்குப் போகிற களை. மகளும் பின்னாலேயே வந்தாள், யாராவது ஒருவர் நிதானமாக இருக்கட்டும் என்று.

"என்ன செய்யணும்னு அதுலயே எழுதியிருக்கு, பாருங்க" என்றாள்.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு."

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸைக் கிளப்பினார். டிசைன்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பழைய டிஸ்க்கைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. மாமியார் நிம்மதியாக மூச்சு விட்டார். அங்கேயே நிறுத்தி, அவற்றை வேறிடத்தில் நகல் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மாப்பிள்ளை திறந்த டிஸ்க்கை மூடாமலேயே ரிப்பேர் கட்டளையைத் தட்டினார்.

திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது.

"மாப்பிள்ளை, ஏதோ மூணு ஆச்சரியக்குறி போட்டிருக்கே?" என்றார் மாமியார்.

"அது சும்மா பயமுறுத்தும் அத்தை."

டிஸ்க் திறந்திருக்கிறது, தொடர்ந்தால் கடுமையான சேதம் நிச்சயம் என்று அது சொல்லியிருந்தது. நிஜமாகவே தொடரவேண்டுமா என்றும் கேட்டது. மாப்பிள்ளை 'ஆம்' என்றார். கம்ப்யூட்டர் சொன்ன சொல் தவறாதது. சேதம் செய்தது.

பிறகுதான் அவருக்கு வியர்த்தது. சத்தமில்லாமல் டிஸ்க்கை மூடி, முதலிலேயே செய்திருக்க வேண்டியபடி கட்டளையை மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது.

"பாத்தீங்களா!" என்றார்.

"என் டிசைன் எல்லாம் எங்க?"

டிசைன் ஃபோல்டர் காலி. தொலைந்து கிடைத்தவற்றைப் போட்டுவைக்கும் ஃபோல்டர் ஒன்று மட்டும் நிரம்பி வழிந்தது. டிசைன்கள் அதில் இருந்தன, பெயர்தான் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள எண்.

"பேரு போயிடுச்சு, அவ்வளவுதான். மத்தபடி சக்சஸ்."

மகள் ஒரு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டாள். "உக்காருங்க."

சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் பெயர் சொன்னார்.

"இது காலிஃபிளவரா அத்தை?"

"ரோஜா."

"இது ஆடு?"

"அது ஸ்கூல் பேட்ஜ். சிங்கம்."

பெரும்பாலானவை கிடைத்தன. புதிதாக வரைந்து முடித்திருந்த ஒரு திரைச்சீலை டிசைன் மட்டும் பாதியோடு நின்றது, கொடி இருந்தது, பூ இல்லை. மாமியார் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மாப்பிள்ளைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல மாப்பிள்ளை. நீங்களும் பாவம், லீவு நாளைக் கெடுத்துக்கிட்டு வந்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு எக்ஸ்ட்ரா டிஸ்க் வாங்கித் தரேன் அத்தை. எல்லாத்தையும் அதுல ஒரு காப்பி போட்டு வெச்சிடலாம்."

"வாங்குங்க" என்ற மாமியார் மகளைக் காட்டினார். "மாட்டுறது மட்டும் இவ மாட்டட்டும்."