மயில்கழுத்து நிறத்தில் பத்துத் துண்டுகள்

மாவட்டப் பெண்கள் கால்பந்துக் கோப்பையில் நகரி ஃபைனலுக்கு வந்துவிட்டது என்றபோது, திருப்பதியில் பலர் "எந்த நகரி?" என்று கேட்டார்களாம். இருப்பது ஒரே நகரிதான், கண்ணுங்களா. ரயிலடியைத் தாண்டியதும் பவர்லூம் சத்தம் காதை அடைக்குமே, அந்த நகரி. பந்து உதைத்த பெண்களில் ஏழு பேர் அந்தத் தறிகளில் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் காலேஜ் பிள்ளைகள்.

அந்த டீமுக்குக் கேப்டன் யமுனா. சாயப்பட்டறையில் நூலுக்கு நிறம் ஏற்றுகிற செங்கம்மாவின் மகள்.

அது இரண்டாயிரத்து ஆறு. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி திறந்து, ஊர் ஊராகப் பஸ் அனுப்பிப் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த சமயம். யமுனாவுக்கும் டீமில் இன்னும் மூன்று பேருக்கும் ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஹாஸ்டலில் தங்கி ஷிப்டு பார்க்கிறவர்கள் எங்கே சேர்ந்து விளையாடப் போகிறார்கள்? ஆகவே இந்தப் பெண்கள் ஒன்றாக இறங்கப்போகிற கடைசி ஆட்டம் இதுதான். "கப்பை நகரியில வெச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன்" என்று யமுனா சொல்லியிருந்தாள். சாயப்பட்டறை முழுக்க அந்தப் பேச்சு பரவியிருந்தது.

ஃபைனலுக்குப் புதுச் சட்டை வேண்டும் என்றதும், தறி வைத்திருந்த கோவர்த்தனன் மெட்ராஸில் வாங்கித் தருவதாகச் சொன்னார். செங்கம்மா ஒப்பவில்லை.

"சாயம் போடற ஊர்ல இருந்துக்கினு கடைச் சட்டை போட்டுக்கினு போனா சிரிப்பாங்கண்ணா. நீ வெள்ளையில தெச்சிக் குடு. செவப்பு நான் ஏத்தறேன்."

"கலர் நிக்குமா?"

"என் கையில சாயம் ஓடி எப்பனா பாத்துக்கிறியா நீ?"

அவர் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. நகரியில் நூல் வாங்க வருகிறவர் ஒரு சிட்டம் நூலை நனைத்து, தன் வெள்ளை வேட்டி முனையில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். கறை பட்டால் பேச்சே இல்லை, எழுந்து போய்விடுவார். செங்கம்மா ஏற்றிய நூல் என்று தெரிந்தால் சிலர் நனைக்கக்கூட மாட்டார்கள்.

ஆனால் இந்த முறை அவசரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருந்த ஃபைனலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வேறு ஏதோ கூட்டமாம். வியாழக்கிழமை மத்தியானம்தான் சேதி வந்தது. சட்டைகள் சாயத்தில் ஊறி முடித்திருந்தன. அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை: சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒட்டாத சாயம் முழுதும் கழன்று தண்ணீர் தெளிகிறவரை அலச வேண்டும். அன்று வெயிலே இல்லை. கொதிக்கவைத்து அலசி முடிக்கவே நடுராத்திரி ஆகிவிடும், விடிவதற்குள் காயாது. செங்கம்மா ஒரே ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காற்றில் போட்டுவிட்டாள். ஒரு ஆட்டத்துக்குத்தானே, வந்து அலசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோவர்த்தனனின் டெம்போவில் கிளம்பினார்கள். அவர் தறியில் நெய்த துண்டு மூட்டைகள் திருப்பதியில் ஒரு சத்திரத்துக்குப் போக வேண்டியிருந்தது. மூட்டைகள் மேலேயே பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். புத்தூரில் இட்லி. ரேணிகுண்டா வரும்போது வானம் கறுத்துவிட்டது. எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். செங்கம்மா மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாம்மா, மேலயே பாத்துக்கினு வர?" என்றாள் யமுனா.

"ஒண்ணும் இல்ல. நீ வாயை மூடிக்கினு காலுக்கு எண்ணெய் தேய்."

திருப்பதிப் பெண்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. கொடி பிடித்துக்கொண்டு காலேஜே திரண்டு வந்திருந்தது. நகரிப் பெண்கள் ரத்தச் சிவப்பில் இறங்கியபோது கூட்டமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவ்வளவு எடுப்பாக இருந்தது நிறம். முதல் பாதியில் திருப்பதி ஒரு கோல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் யமுனா ஒன்று. சமம்.

இரண்டாம் பாதி நடுவில் மழை பிடித்துக்கொண்டது.

முதலில் நகரிப் பெண்களின் முழங்காலில் சிவப்பாக வழிந்தது. அடிபட்டுவிட்டது என்று நினைத்து யாரோ பஞ்சு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் பந்து சிவந்தது. தோளோடு தோள் மோதிய இடத்திலெல்லாம் வெள்ளைச் சட்டைகளில் கறை. பத்து நிமிஷத்தில் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது, வெள்ளை அழுக்கடைந்து ரோஸ் ஆகிவிட்டது. எல்லைக்கு வெளியே போன பந்தைக் கடைசியாகத் தொட்டது யார் என்று ரெஃப்ரி ரங்கையாவுக்குப் புரியவில்லை. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"குதரதம்மா, முடியாது" என்றார் யமுனாவிடம், தெலுங்கும் தமிழுமாக. "யார் எந்த டீம்னு எனக்கே தெரியல. ஓடற சாயம் உங்களுது, நீங்கதான் சட்டை மாத்தணும். வேற செட் இருக்கா?"

"இல்ல சார்."

"பத்து நிமிஷம் டைம் தரேன். மாத்தலன்னா கப்பு அவங்களுக்கு."

திருப்பதிக் கூட்டத்திலிருந்து ஒருவன், "நகரி சாயம் நாலு தூறல் தாங்காதா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

யமுனா அம்மாவைப் பார்த்தாள்.

"கொதிக்க வெக்கலடி" என்றாள் செங்கம்மா. "தப்பு என்னுது."

சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை. டெம்போவுக்கு ஓடினாள். கோவர்த்தனன் பின்னாலேயே வந்தார்.

"மூட்டையை அவுக்கறேண்ணா."

"ஏய், அது சத்திரத்துக்குப் போற சரக்கு."

"தெரியும். நூலுக்கு யாரு சாயம் ஏத்தனா?"

கோவர்த்தனன் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். மழையில் பத்துப் பெண்கள் ரோஸ் நிறத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கோலில் நின்ற நளினி மட்டும் தன் கறுப்புச் சட்டையோடு தனியாக இருந்தாள். அவர் செங்கம்மாவை விலக்கிவிட்டு, முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

உள்ளே மயில்கழுத்து நிறத் துண்டுகள். செங்கம்மா நடுவில் பல்லால் கடித்துக் கிழித்தாள். தலை நுழைகிற அளவுக்குத்தான் கிழிசல். முன்னால் ஒரு பாதி, பின்னால் ஒரு பாதி, இரண்டு இடுப்பிலும் முடிச்சு. கோவர்த்தனனும் கிழித்தார். ஸ்கோர் எழுதுகிறவரிடம் மார்க்கர் பேனா வாங்கி யமுனா நம்பர் போட்டாள்.

ரங்கையா தலையை ஆட்டினார். "இதுவும் ஓடினா? இன்னொரு தடவை நிறுத்த மாட்டேம்மா. நேரா கப்பைக் கொடுத்துடுவேன்."

"சார், உங்க கர்ச்சீப் குடுங்க" என்றாள் செங்கம்மா.

"எதுக்கு?"

"வெள்ளைதானே? குடுங்க."

துண்டு ஒன்றைத் தேங்கின தண்ணீரில் முக்கினாள். பிழியாமல் அவர் கைக்குட்டையில் வைத்து, இரண்டு கையாலும் பலமாகத் தேய்த்தாள். திருப்பதிப் பெண்கள்கூடக் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்தவனும் பார்த்தான். செங்கம்மா கைக்குட்டையை உதறி விரித்துக் காட்டினாள்.

சேற்றுத் தண்ணீரின் பழுப்பு இருந்தது. நீலம் ஒரு பொட்டு இல்லை.

"அதுவும் நான்தான் சார், இதுவும் நான்தான்" என்றாள். "அதுல அவசரப்பட்டேன். இதுல படல."

ரங்கையா கைக்குட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

அதற்கப்புறம் அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டத்தை நான் எப்படிச் சொல்ல? துண்டு முனைகள் காற்றில் படபடக்க, ஒவ்வொருத்தியும் எங்கே இருக்கிறாள் என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. நளினி மட்டும் இரண்டு பந்தை விழுந்து பிடித்தாள். முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது, திருப்பதிப் பெண் தன் கோல் பக்கம் வந்த பந்தை விரட்டிக்கொண்டு ஓடினாள். பந்து தண்ணீர் தேங்கின இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. அவள் நிற்க முடியாமல் வழுக்கி அதைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னாலேயே வந்த யமுனா நின்றாள். நிதானமாக, அவசரமே படாமல், பந்தைத் தண்ணீரிலிருந்து காலால் கிளப்பிக் கோல் மூலைக்குத் தள்ளினாள்.

இரண்டுக்கு ஒன்று.

கோப்பை கொடுக்கும்போது, போட்டோவுக்காகத் துண்டைக் கழற்றச் சொன்னார்கள். ஒருத்தியும் கழற்றவில்லை. "இதுதான் சார் எங்க சட்டை" என்றாள் யமுனா. கோப்பையை வாங்கி, படியிறங்கி வந்து முதலில் அம்மாவிடம் கொடுத்தாள். செங்கம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் பிடித்தாள். திருப்பதிக் கேப்டன் பக்கத்தில் வந்து, கறை பட்ட தன் சட்டையைக் காட்டி, "இது போகுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "போவும்மா. சோப்புத் தண்ணியில கொதிக்க வை. நான் செய்யாததை நீ செய்" என்றாள் செங்கம்மா. அந்தப் பெண் சிரித்துக் கை கொடுத்தாள்.

கோவர்த்தனன் சத்திரத்துக்குப் போய், பத்துத் துண்டு குறைகிறது, அடுத்த வாரம் நெய்து தருகிறேன் என்று சொல்லி, ஏன் குறைகிறது என்பதைக் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செங்கம்மா சிவப்புச் சட்டைகளைக் கொதிக்கவைத்துத் தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். நல்ல தாமரை நிறத்தில் நின்றன. திங்கட்கிழமை யமுனா பஸ் ஏறும்போது பையில் ஒரு சட்டையும் அந்தக் கிழிந்த துண்டும் இருந்தன. கோப்பை, சொன்னபடி, நகரியில் இருந்தது.

பேப்பரிலும் போட்டோ வந்தது, கண்ணுங்களா. செங்கம்மா அதைச் சாயப்பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே குறைதான் சொல்வாள்: "கறுப்பு வெள்ளையில போட்டுட்டானுங்க. அந்த நீலம் தெரிய வேணாமா?"